கா கா என்றால் சாப்பிடு

ரத்னாபாய்க்கு நாய் என்றாலே ஆகாது. வருடக்கணக்காக நாய்களுக்குச் சோறு வைத்து, நாய்களைக் குளிப்பாட்டி, நாய்கள் போட்டதை அள்ளிக் கழுவிய பெண்ணைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. அவளே ஒரு நாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அலுத்துப்போன குரலில் என்னிடம் சொன்னாள்: "எனக்குப் பட்டியளைக் கண்டாலே ஆவாது சார். வேற வேலை கிட்டல்ல. அதுனால இதைச் செய்யிதேன்."

நான் ஏஜீஸ் ஆபீசில் காலமெல்லாம் கணக்கைத் துருவிவிட்டு, ஓய்வு பெற்றபிறகாவது மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்ற ஒரே ஆசையில் திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவுப் பக்கம் வீடு கட்டியவன். பூர்வீகம் திருநெல்வேலி. சுவரில் அடித்த வெள்ளை காய்வதற்குள் பக்கத்து மனையில் ஷைலஜா மேடம் நாய்களுக்கு ஒரு விடுதி திறந்துவிட்டார். அவர் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் நானும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றது என் தலையெழுத்து. கல்ஃபுக்குப் போகிறவர்கள், டெல்லியில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எல்லாரும் நாயைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நான் அதற்கு நாய்ச்சத்திரம் என்று பேர் வைத்தேன். ஒன்று குரைத்தால் போதும், மற்றதெல்லாம் ஒத்து ஊதும். என் தூக்கம் அதோடு சரி.

இந்த ஊரில் நாய்க்கு இரண்டு சொல் உண்டு. நாய என்பது பத்திரிகையில் வருவது, பட்டி என்பது வாயில் வருவது. கோபம் வந்தால் மனிதரையும் பட்டி என்று கூப்பிடலாம். தமிழில் அந்த வசதியெல்லாம் நாய் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ரத்னாபாய் இரண்டு மொழிக்கும் நடுவில் பிறந்தவள் என்பதால் எல்லா நாயையும் பட்டி என்றுதான் சொல்வாள். அதில் வெறுப்பும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது.

பாறசாலைக்குப் பக்கத்தில் அவள் ஊர். தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பம், எட்டாவது வரை படிப்பு. கணவர் ஞானசிகாமணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்க் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, அடுத்த வீட்டுக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தம்பானூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்கள் பக்கம் ஒரு பஸ். இங்கே வந்து நாய்களைக் கழுவிச் சோறு வைத்துவிட்டு, சாயங்காலம் அதே இரண்டு பஸ்ஸில் திரும்பிப்போய் மறுபடியும் துடைத்து, மறுபடியும் சோறு. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது இது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாகவே இருக்குமாம். எத்தனை சோப்பு போட்டாலும் நாய் வாசம் போகாது என்பாள். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. உட்கார வசதியாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

ஷைலஜா மேடத்துக்குப் புகழ்பெற்ற நாய்கள் என்றால் உயிர். முன்சுவரில் ஓவியரை வைத்து வரிசையாக வரைந்து வைத்திருந்தார். ராக்கெட்டில் பூமியைச் சுற்றிய ரஷ்ய நாய் லைக்கா. செத்துப்போன எஜமானருக்காக ஜப்பானில் ரயில் நிலையத்து வாசலில் வருடக்கணக்காகக் காத்திருந்த ஹாச்சிகோ. பனிமலையில் வழி தவறியவர்களைத் தேடிக் காப்பாற்றிய பாரி. மணியடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய். அறைகளுக்கும் அந்தப் பேர்களைத்தான் வைத்திருந்தார். பாரி என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, முல்லைக்குத் தேர் கொடுத்தவர் நாயும் வளர்த்தாரா என்று நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். நாயை விட வருகிறவர்கள் யாராக இருந்தாலும், ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லாமல் மேடம் விடமாட்டார். லைக்காவின் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தழைந்துவிடும். ஆகாயத்தில் ஒரு வாரம் சுகமாக இருந்துவிட்டு உறக்கத்திலேயே போய்விட்டது என்று முடிப்பார்.

அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு ரத்னாபாய்க்கு மனப்பாடமாகியிருந்தது. "எல்லாம் ஒண்ணு காத்துக் கெடந்ததுக்கு, இல்லாட்டி செத்ததுக்குப் பேர் வாங்கினதுதான்" என்றாள் என்னிடம். "நல்லாத் தின்னுட்டு வெயில்ல கெடந்து ஒறங்கினதுக்கு ஒரு பட்டியாவது பேர் எடுத்திருக்கா சார்?"

நான் போய் முன்சுவரை ஒரு தரம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலத்தில், ஸ்ரீவராகத்திலிருந்து நாகேஸ்வரன் என்ற பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குரைப்பைப் பற்றிப் புகார் சொல்ல நான் அப்போதுதான் மேடத்தின் முன்னால் போய் நின்றிருந்தேன். அக்கிரகாரத்துக்காரர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது. மடியில் துண்டில் சுற்றி ஒரு நாட்டு நாய், காதுகள் மட்டும் செம்பட்டை, மற்றபடி வெள்ளை. வயதான நாய். மேடம் அதன் பேரைக் கேட்டார்.

"பட்டு" என்றார் பெரியவர்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "பட்டியாணெந்நு எனிக்கு மனசிலாயி சாமி. பேரா சோதிச்சது." நாய் என்பது தெரிகிறது, நான் கேட்டது பேரை என்று அர்த்தம். பெரியவர் சற்றும் அசராமல் மறுபடியும் "பட்டு" என்றார். நான் நடுவில் புகுந்து, புடவை நெய்கிற பட்டு என்று விளக்கிச் சொன்னபிறகுதான் விஷயம் தீர்ந்தது. வந்த புகாரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்தப் பேரை வைத்தது அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. மழையில் சாக்கடையோரம் கிடந்த குட்டியை எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்து வளர்த்தவர் அவர்தான். தெரு முழுக்க முகம் சுளித்ததாம், அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிவிட்டது. வீட்டில் இப்போது பெரியவரும் பட்டுவும்தான். அமெரிக்காவில் இருக்கும் மகன் நவநீத் டிக்கெட் அனுப்பியிருக்கிறான். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

பட்டுவுக்கு என்னென்ன வார்த்தை தெரியும் என்று பெரியவர் ரத்னாபாயிடம் நின்று நிதானமாகச் சொன்னார். உக்காரு என்றால் உட்காருவான். போறும் என்றால் நிறுத்துவான். சித்த இரு என்றால் எவ்வளவு நேரமானாலும் நகரமாட்டான். மாமிசம் கூடாது, தயிர் சாதம் போதும். இடி இடித்தால் பயப்படுவான், யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு குனிந்து அதன் தலையைத் தொட்டு, "பட்டு, சித்த இரு, வரேன்" என்றார்.

நாம் யாருமே கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வோம். அதைக் கேட்கிற மனிதர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். நாய்க்கு அந்த இங்கிதமெல்லாம் தெரியாது. வரேன் என்றால் வருவார் என்றே எடுத்துக்கொள்ளும். அதனாலேயே ரத்னாபாய் நாயை விட வருகிறவர்களிடம், ஒன்றும் பேசாமல் போய்விடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். வரேன் என்று சொல்லிப் போனவர்களின் நாய்கள்தான் கேட்டைப் பார்த்துக் கிடந்து உயிரை எடுக்கும் என்பது அவள் கண்ட அனுபவம். பெரியவரிடம் ஏனோ அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அலுத்துக் களைத்த மனுஷி தன் தலையில் தானே இன்னொரு சுமையை ஏற்றிக்கொண்டாள்.

"சாமி திரும்பி வார வரைக்கும் இவன் இருப்பான். நான் பாத்துக்கிடுதேன்."

இருக்க வேண்டியது வயதான ஒரு நாய், திரும்ப வேண்டியது வயதான ஒரு மனிதர். இரண்டுமே அவள் கையில் இல்லை. சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

பட்டு சாப்பிடவில்லை. தயிர் சாதத்தைத் தட்டில் வைத்தால் அதன் முன்னால் ஒழுங்காக உட்காரும். ரத்னாபாயின் முகத்தைப் பார்க்கும், ஆகாயத்தைப் பார்க்கும், மறுபடியும் அவள் முகத்தைப் பார்க்கும். வாய் வைக்காது. பால் வைத்தார்கள், பிஸ்கட் வைத்தார்கள். பெரியவர் சொன்னதை மீறி மீன்கூட வைத்துப் பார்த்தார்கள். தின்னு என்று மலையாளத்தில் சொன்னார் மேடம், திங்கு மக்கா என்று தன் தமிழில் கெஞ்சினாள் ரத்னாபாய். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகிறது, வயிறு ஒட்டிப்போயிருக்கிறது, அப்படியும் உட்கார்ந்தே இருந்தது. மேடம் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, இப்படியே போனால் தாங்காது என்றார். யாரோ எதையோ சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அது என்ன எழவென்றுதான் தெரியவில்லை என்று ரத்னாபாய் என்னிடம் புலம்பினாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் கொஞ்சம் வெயில் காயட்டும் என்று பட்டுவைத் தூக்கிவந்து எங்கள் மதிலோரம் விட்டாள். தட்டையும் கொண்டுவந்து வைத்தாள். அதே நேரத்தில் என் மனைவி பாகீரதி, தினமும் செய்வதுபோல, ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டாள். "கா... கா... கா..."

படுத்துக்கிடந்த பட்டு எழுந்தது. கால் தள்ளாடியது. நேராகத் தட்டில் தலையைக் கவிழ்த்து, வழித்து நக்கும்வரை நிமிரவில்லை.

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. அக்கிரகாரத்து வழக்கப்படி பெரியவர் வீட்டில் முதலில் காக்கைக்கு, பிறகு பட்டுவுக்கு, கடைசியில் அவருக்கு என்று இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் இருந்த காலத்திலிருந்தே அந்த முறைதான். காக்கையைக் கூப்பிட்ட கையோடு தட்டை வைப்பார்கள். கா கா என்றால் சாப்பிடு என்று பட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்பித்த பெரியவர் இதை மட்டும் சொல்லவில்லை. நாய்க்குத் தெரிந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று என்று அவருக்கே தெரியாது. மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாவ்லோவின் படத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தி மறுபடியும் முழுக்கதையும் சொன்னார். ரஷ்யாவில் மணி, ஸ்ரீவராகத்தில் காக்கை.

சில நாள் பாகீரதியின் கூப்பாட்டிலேயே பட்டுவின் சாப்பாடு நடந்தது. பிறகு ஒரு கல்யாணத்துக்காக அவள் திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடச் சொன்னாள் ரத்னாபாய். நான் கூப்பிட்டதைப் பட்டுவும் மதிக்கவில்லை, காக்கைகளும் மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவளே கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. காக்கைக்குச் சோறு வைப்பது செத்துப்போன முன்னோருக்கு வைப்பது, அது நம்முடையது அல்ல என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். "சபையில கேட்டா என்ன நெனைப்பாவ சார்" என்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சேலைத்தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, ரகசியம் பேசுகிற மாதிரி "கா கா" என்றாள். பட்டு காதை நிமிர்த்தியதே தவிர, நம்பவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். கடைசியில் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பட்டு சாப்பிட்டது. கூடவே வட்டியூர்க்காவில் இருந்த காக்கைகள் அத்தனையும் சத்திரத்துக்குள் இறங்கின. அவற்றைப் பார்த்து அத்தனை நாய்களும் குரைத்தன. அதுவரை குரைப்பு மட்டும்தான் இருந்தது, அன்றிலிருந்து என் மத்தியானத்துக்குக் கரைப்பும் சேர்ந்துகொண்டது.

இதை அவள் வீட்டில் போய்ச் சொன்னபோது ஞானசிகாமணி கட்டில் குலுங்கச் சிரித்தாராம். அவர் சிரித்துப் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டது என்றாள். "எனக்கும் கா கான்னு கூப்பிடுட்டீ, அப்பந்தான் நானும் திம்பேன்" என்றாராம். இரண்டு மூன்று நாள் அவளும் விளையாட்டாகக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு அலுப்பில் விட்டுப்போய்விட்டது.

அமெரிக்காவிலிருந்து பெரியவர் முதல்தரம் போன் செய்தபோது ரத்னாபாய்தான் விஷயத்தைச் சொன்னாள். "அது சொல்ல வேண்டிய விஷயம்னே தோணலைம்மா" என்றாராம் பெரியவர். அன்றிலிருந்து வாரம் ஒரு தரம் போன். இங்கே பட்டு சாப்பிடும் நேரம் அங்கே எல்லாரும் படுத்துவிடும் நேரம். அவர் மட்டும் அதற்காக விழித்திருப்பார். ரத்னாபாய் போனைப் பட்டுவின் காதில் வைப்பாள். அங்கிருந்து அவரே கா கா என்று கூப்பிடுவார். பட்டு வாலை ஆட்டியபடி தின்னும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முடித்ததும் தவறாமல் "சித்த இரு, வரேன்" என்பார்.

ஆறு மாதம் என்றது ஆறு மாதத்தில் முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. இப்போது விமானம் ஏற வேண்டாம் என்று மகன் தடுத்துவிட்டான். அது அடங்கியதும் பெரியவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. அது ஆறியதும் குளிர்காலம் கழியட்டும் என்றார்கள். இங்கே பட்டுவுக்குப் பின்னங்கால் விழத் தொடங்கியது, ஒரு கண்ணில் பூ விழுந்தது, சிறுநீரகம் கெட்டுப்போனது என்றார் மேடம். ரத்னாபாய் அதை வெயிலுக்குத் தூக்கிவருவாள், நிழலுக்குத் தூக்கிப்போவாள். வீட்டில் ஒருவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தவள், இங்கே வந்து இதையும் தூக்கினாள். என் மனைவி பாவப்பட்டு, இவ்வளவு வயதான ஜீவனை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது எதற்கு என்று கேட்டாள். சாமி வருகிறவரை இருப்பான் என்று வாய்விட்டுத் தொலைத்துவிட்டேனே அக்கா என்று மட்டும் சொன்னாள் ரத்னாபாய்.

இரண்டாயிரத்து இரண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்னால், மேடம் பத்திரிகையும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். லைக்காவைப் பற்றிய செய்தி. அது ஆகாயத்தில் நாட்கணக்கில் உயிரோடு இருந்ததாகச் சொன்னதெல்லாம் பொய்யாம். ராக்கெட் கிளம்பிச் சில மணி நேரத்திலேயே, சூடு தாங்காமல், பயந்து செத்துவிட்டதாம். இத்தனை காலம் கழித்து அந்த நாட்டு விஞ்ஞானியே வெளியில் சொல்லியிருக்கிறார். மேடம் சொந்தத்தில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், உறக்கத்தில் போனது, சுகமாகப் போனது என்று எத்தனை குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ரத்னாபாய் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ்வளவு வருசம் அந்தப் பொய்ய யாருக்காகச் சொன்னாவ மேடம்?" என்றாள். "அந்தப் பட்டிக்குத்தான் உள்ளது தெரியுமே."

மேடம் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். படத்தை மட்டும் அழிக்க மனம் வராமல் விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் துலாமழை, அதாவது ஐப்பசி மழை, பிடித்துக்கொண்டது. இடி என்றால் அப்படி ஓர் இடி. மத்தியானமே இருட்டிவிட்டது. ரத்னாபாய் மற்ற நாய்களை விட்டுவிட்டுப் பட்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பேசுவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? பஸ் வரத் தாமதமானது, மீன் கெட்டுப்போயிருந்தது, ஞானசிகாமணிக்கு முதுகில் புண் வந்தது, இவைதான். சாயங்காலத்துக்குள் பட்டு போய்விட்டது. பாகீரதியும் நானும் குடையோடு போனபோது, அவள் அதன் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்த முடியல்லயே அக்கா" என்றாள்.

மேடம் நவநீத்துக்குப் போன் செய்தார். அப்பாவின் இதயம் தாங்காது, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றே சொல்லுங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டான். மேடமும் இளகிய மனசுக்காரர், ஒப்புக்கொண்டார். அந்த வாரம் பெரியவர் கூப்பிட்டபோது பாரி அறையில் இருந்த ஒரு பொமரேனியன் பக்கத்தில் போனைக் கொண்டுபோய் வைத்தார். அது இரண்டு தரம் குரைத்தது. பெரியவர், தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறதே, மழையில் நனைந்தானா, தயிரை நிறுத்திவிட்டு வெந்நீரில் குழைத்துக் கொடுங்கள் என்றாராம். ரத்னாபாய் பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டுக்குப் போகிற வழியில் லைக்காவின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள்.

அடுத்த வாரம் விடுதியின் போன் இடியில் செத்துப்போயிருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெரியவர் என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். பட்டுவைக் கொண்டுவர முடியுமா என்றார். நான் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு மதிலோரம் போய் ரத்னாபாயைக் கூப்பிட்டேன். மேடம் ஊரில் இல்லை. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, தரையில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்தாள்.

அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர்கள் அங்கிருந்து கத்தினால்தான் இங்கே கேட்கும் என்று நினைத்த காலம் அது. அவர் குரல் எனக்கும் பாகீரதிக்கும் நன்றாகவே கேட்டது.

"காதுல வெச்சியாம்மா?"

"ம்" என்றாள் ரத்னாபாய்.

"கா... கா... கா..." என்றார் பெரியவர். நடுவில் மூச்சு வாங்கியது. மறுபடியும் கூப்பிட்டார். ரத்னாபாய் தன் காதில் வைத்த ரிசீவரை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, முழுவதையும் கேட்டாள். மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"சாமி" என்றாள் பிறகு. "பட்டு இல்ல சாமி. தீவாளிக்கு மறுநா போயிட்டான்."

பாகீரதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகன் பயந்தபடியே ஆகிவிட்டதோ என்று நான் ரிசீவரை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டானா?" என்று கேட்டது குரல்.

"சாப்பிட்டான் சாமி. எழும்ப முடியல்ல. கெடந்த எடத்துலயே கையில வச்சுக் குடுத்தேன். கா கான்னு கூப்பிட்டுத்தான் குடுத்தேன். ரெண்டு வாய் தின்னான். இடி இடிச்சப்பம் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

"போன வாரம் கொரைச்சது அவன் இல்லேன்னு தெரிஞ்சுது" என்றார் பெரியவர். "அவன் கொரல் எனக்குத் தெரியாதா? யாராவது சொல்ல மாட்டேளான்னுதான் தொண்டை கட்டிண்டிருக்கான்னு கேட்டேன்."

ரத்னாபாய்க்கு அப்போதுதான் அழுகை வந்தது. நீங்கள் வருகிறவரை இருப்பான் என்று சொன்னேனே, என்னால் முடியவில்லையே என்று சொல்ல வந்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். மகன் ஸ்ரீவராகத்து வீட்டை விற்றுவிட்டானாம், அதை அவரிடம் சொல்லி மூன்று மாதமாகிறதாம்.

"வீடு இல்லேன்னா என்ன, பட்டு இருக்கானேன்னு டிக்கெட் போடச் சொல்லிண்டே இருந்தேன். இனிமே வரவேண்டாம்."

வழக்கமாகப் போனை முடிக்கும்போது சொல்கிற வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். "சரிம்மா. வெச்சுடறேன்" என்றார் அவர்.

பாகீரதியின் கையில் காக்கைக்கு எடுத்த சோறு அப்படியே இருந்தது. வையுங்கள் அக்கா, காக்கை பாவம் என்று சொல்லிவிட்டு ரத்னாபாய் எழுந்தாள். பக்கத்தில் நாய்களெல்லாம் சோற்று நேரம் என்று குரைக்கத் தொடங்கியிருந்தன. தரையில் கையூன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அங்கே போனாள்.

மேடம் திரும்பி வந்ததும் அவளிடமே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. ரத்னாபாய் அதன்பிறகும் பல வருடம் அங்கே வேலை பார்த்தாள். போன வருடம்தான் இடுப்பு முடியாமல் நின்றுகொண்டாள்.

அந்தப் போன் வந்ததற்கு மறுநாள், மதிலோரம் நின்று பாகீரதியிடம் ஒன்று சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஞானசிகாமணியைத் துடைத்துத் தலையணையில் சாய்த்து வைத்து, சோற்றைப் பிசைந்து கையில் எடுத்திருக்கிறாள். அவளை அறியாமல் வாயிலிருந்து கா கா என்று வந்துவிட்டது. கேலி செய்வார் என்று பார்த்தாளாம். அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயைத் திறந்தாராம்.